உழைப்பைத் தீட்டிய ஓவியர் மில்லே

அரசர்களையும் தெய்வங்களையும் தீட்டுவதே உயர்ந்த ஓவியம் எனக் கருதப்பட்ட காலத்தில், ஏழை உழவர்களைத் தம் ஓவியங்களில் தலைமை பெறச் செய்தவர் ஜான் பிரான்சுவா மில்லே. அப்பெருமகனாரின் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மில்லே 1814ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள், பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியிலுள்ள குருஷி என்னும் கடலோரச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் தந்தையாருடன் நிலத்தில் பாடுபட்டார். மகனின் ஓவியத் திறனை உணர்ந்த தந்தையார், அவரைச் செர்பூர் நகருக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். அந்நகரத்தார் அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1837இல் மில்லே பாரிஸ் மாநகர் சென்று மேலும் பயின்றார்.

பாரிசில் வறுமை அவரை வாட்டியது. வயிற்றுப்பாட்டிற்காக, பிறர் விரும்பிய படங்களை வரைந்து விற்றார். 1849இல் குடும்பத்துடன் பார்பிசோன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்குத் தாம் நன்கறிந்த உழவர் வாழ்வையே தீட்டத் தொடங்கினார்.

1857இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியம் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' என்பதாகும். அறுவடை முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் மூவர், சிந்திக் கிடக்கும் கதிர்களைக் குனிந்து பொறுக்குகின்றனர். தொலைவிலோ கோதுமைப் போர்கள் குன்றெனக் குவிந்துள்ளன. குதிரைமீது ஒரு மேற்பார்வையாளர் தோன்றுகிறார். வறியோரை இவ்வளவு பெரிதாகக் காட்டுவதா எனச் செல்வர் பலர் சினந்தனர். மில்லே தம் வழியினின்று மாறவில்லை.

அடுத்து, மாலை மணியோசை கேட்டு உருளைக்கிழங்கு வயலில் தலைகுனிந்து வழிபடும் கணவன் மனைவியைத் தீட்டினார். அதுவே புகழ்பெற்ற 'ஏஞ்சலுஸ்' ஓவியம். 1868இல் பிரெஞ்சு அரசு அவருக்கு விருதளித்துச் சிறப்பித்தது. 1875 சனவரி 20ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

1889இல் 'ஏஞ்சலுஸ்' 5 இலட்சத்து 53 ஆயிரம் பிராங்குக்கு ஏலம் போயிற்று. அப்பெரும்பொருளில் ஒரு பங்கைக் கேட்கும் உரிமைகூட மில்லேயின் குடும்பத்தார்க்கு இல்லை. ஓவியம் மறுவிற்பனையாகும்போது ஓவியர்க்கும் அவர்தம் வழியினர்க்கும் பங்களிக்கும் சட்டம் 1920இல்தான் பிரான்சில் இயற்றப்பட்டது. அதற்கு வழிகோலியவற்றுள் இவ்விற்பனையையும் குறிப்பிடுவர்.

மாணவச் செல்வங்களே! குனிந்து உழைப்போரை உலகம் நிமிர்ந்து நோக்கச் செய்தவர் மில்லே. உழைத்துக் காய்த்த கைகளைக் காணும்போதெல்லாம் அவரை நினைவிற் கொள்வோம், அக்கைகளைப் போற்றுவோம்.