ஹீராலால் சௌத்ரி (1921–2014)

குளத்தில் முட்டையிடாத கெண்டை மீன்களை ஊசி மூலம் முட்டையிடச் செய்தவர் ஹீராலால் சௌத்ரி ஆவார். இவர் 1921 நவம்பர் 21 இல், இன்று பங்களாதேசத்தில் உள்ள சில்ஹெட் பகுதியில் பிறந்தார். கல்கத்தாவில் விலங்கியல் கற்று, பாரக்பூரை மையமாகக் கொண்ட உள்நாட்டு மீன்பிடி ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

அக்காலத்தில் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய மீன்களின் குஞ்சுகளை ஆற்றில் வெள்ளம் வரும்போதே பிடிக்க வேண்டியிருந்தது. வேண்டாத மீன்களின் குஞ்சுகளும் வலையில் கலந்து வந்தன. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. குளத்தில் வளர்ந்த மீன்களின் சூலகத்தில் முட்டைகள் நிறைந்திருந்தன. ஆனால் அவை வெளியேறவில்லை. ஏன்?

மாணவர்களே, இதனைக் கவனியுங்கள். மழை, புதுவெள்ளம், நீரோட்டம் ஆகிய தூண்டல்களை மூளையின் பரிவகக்கீழ் பெறுகின்றது. அது ஓர் ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்டுகின்றது. கபச்சுரப்பியின் ஓமோன்கள் குருதி வழியே சூலகத்தையும் விதையையும் சென்றடைகின்றன. குளத்திலோ வெள்ளம் இல்லை, கட்டளையும் இல்லை. அத்துடன் மூளையிலிருந்து வரும் டோபமைன் கபச்சுரப்பியைத் தடுக்கின்றது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. (கபச்சுரப்பியைத் தலைமைச் சுரப்பி என எழுதிவிட்டு, அதற்குக் கட்டளையிடும் பரிவகக்கீழைப் பலர் மறந்துவிடுகின்றனர்.)

கட்டளை வராவிட்டால் அதனை வெளியிலிருந்து கொடுக்கலாமா? பிரேசிலில் 1934 இலேயே இம்முறை வெற்றியளித்திருந்தது. இந்தியக் கெண்டைகளில் சிலர் முயன்றும் உறுதியான பயன் கிட்டவில்லை. சௌத்ரி விடவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் மேற்படிப்பை முடித்துத் திரும்பியவர், ஒடிசா மாநிலத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். முதிர்ந்த மீனொன்றின் தலையைத் திறந்து, பயற்றம் பருப்பிலும் சிறிய கபச்சுரப்பியை எடுத்து, அரைத்துக் கரைத்து, தெளிந்த நீரை வேறு மீனுக்கு ஊசி மூலம் ஏற்றினார். 1957 யூலை 10 இல் அங்குல் என்னுமிடத்தில் கெண்டை மீன்கள் முட்டையிட்டன. அலிகுஞ்ஞி என்னும் அறிஞருடன் சேர்ந்து இதனை வெளியிட்டார். அத்தினம் இந்தியாவில் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

பின்னர் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலும் பணியாற்றிய இவர், 2014 செப்டெம்பர் 12 இல் காலமானார். இன்று பெரும்பாலும் சுரப்பிக்குப் பதிலாக, பரிவகக்கீழின் ஓமோனைப் போன்ற செயற்கை ஓமோனும் டோபமைனைத் தடுக்கும் மருந்தும் கலந்து ஏற்றப்படுகின்றன.

இலங்கைக் குளங்களில் இக்கெண்டைகள் தாமாகப் பெருகுவது அரிது. ஆகவே தம்புள்ளை, உடவளவை போன்ற நிலையங்களில் ஊசியேற்றிப் பெற்ற குஞ்சுகளே குளங்களில் விடப்படுகின்றன.