தாரை வார்த்த பணம்

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்து போனவர்களுக்கு இது தெரியும். வெயில் ஏறி, நாக்கு வறண்டு, இனி முடியாது என்று தோன்றும் நேரத்தில் வழியோரப் பந்தலில் முகம் தெரியாத ஒருவர் ஒரு குவளை தண்ணீரை நீட்டுவார். நீங்கள் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்க மாட்டார். குடித்துவிட்டு நாமும் நடந்துவிடுவோம். அந்தத் தண்ணீருக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

இந்தக் கேள்வியை யோசித்தவர் ஒருவர் இருந்தார். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டை ஆண்ட அந்த அம்மையாரின் பெயர் அகல்யாபாய் ஹோல்கர். காசி விசுவநாதர் கோயிலை 1780-ஆம் ஆண்டில் மீண்டும் எழுப்பியவர் என்று நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் வெட்டிய கிணறுகளையும் குளங்களையும் கட்டிய படித்துறைகளையும் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பணத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதைப் பற்றியோ பேசுவதே இல்லை.

1725-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள், மராட்டிய நாட்டில் சௌண்டி என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். தந்தை மான்கோஜி ஷிண்டே அந்த ஊரின் பட்டேல், அதாவது ஊர்த்தலைவர். அது அரச குடும்பம் இல்லை. பேஷ்வாவின் தளபதியும் மாளவ நாட்டை ஆண்டவருமான மல்ஹர் ராவ் ஹோல்கரின் மகன் காண்டே ராவுக்கு, சிறு வயதிலேயே அவரைக் கட்டிக்கொடுத்தார்கள்.

1754-இல் கும்பேர் கோட்டை முற்றுகையில் காண்டே ராவ் குண்டடிபட்டு இறந்தார். அகல்யாபாய்க்கு இன்னும் முப்பது வயது கூட ஆகவில்லை. கணவனோடு தீயில் இறங்கத் துணிந்தவரை மாமனார் மல்ஹர் ராவ்தான் கெஞ்சித் தடுத்தார். தடுத்ததோடு விடவில்லை, நிர்வாகத்தையும் கணக்கு வழக்கையும் கற்றுக்கொடுத்தார். அவர் போர்க்களத்தில் இருந்தபோது வீட்டையும் நாட்டையும் பார்த்துக்கொண்டது மருமகள்தான். 1766-இல் மல்ஹர் ராவும் போனார். அடுத்த ஆண்டே, பட்டத்துக்கு வந்த மகன் மாலே ராவும் இறந்தான். கணவன், மாமனார், மகன் மூவரையும் இழந்து நின்றார் அந்தத் தாய்.

இந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. திவான் கங்காதர் யஷ்வந்த், தூரத்து உறவில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்துப் பட்டம் கட்டிவிட்டு அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். பேஷ்வாவின் சிற்றப்பா ரகுநாத ராவும் அவர் பக்கம் சேர்ந்து படையோடு கிளம்பினார். ஹோல்கர் கருவூலத்தில் நிறைய பணம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அகல்யாபாய் பயப்படவில்லை. கடைசி இரண்டு வாரிசுகளுக்கு மனைவியும் தாயுமான தனக்கே உரிமை என்று சொல்லிப் படையைத் தயார் செய்தார். மற்ற மராட்டியத் தலைவர்களும் அவர் பக்கம் நின்றார்கள். பேஷ்வா மாதவ ராவும் அவர் உரிமையை ஏற்றுக்கொண்டார். ரகுநாத ராவ் பின்வாங்கினார்.

கருவூலப் பணத்தை என்ன செய்தார் தெரியுமா? துளசியும் தண்ணீரும் கையில் எடுத்து, சங்கல்பம் செய்து, அதை அறப்பணிக்கென்று தாரை வார்த்துவிட்டார். நம்ம வழக்கத்தில் தாரை வார்த்துக் கொடுத்த பொருளைத் திரும்பத் தொட முடியாது. கொடுத்தவரே கேட்டாலும் அது தர்மத்தின் சொத்து. அன்றிலிருந்து அந்தப் பணம் வேறு யாருக்கும் இல்லாமல் போனது, அவருக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஹோல்கர் குடும்பத்தில் அரசாங்க வருமானம் தனி, குடும்பப் பெண்களின் சொந்த வருமானம் தனி. இதற்குக் 'காஸ்கி' என்று பெயர். 1734-இல் மாமியார் கௌதமாபாய்க்கு ஒதுக்கப்பட்ட நிலங்களின் வருமானம் அது. மாமியாருக்குப் பிறகு அகல்யாபாயிடம் வந்தது. கோயில், குளம், சத்திரம் என்று அவர் செய்த தர்மத்துக்கு இந்தக் காஸ்கிப் பணமே பெரிதும் உதவியது. நாட்டுக்கு வெளியே தர்மம் செய்வதற்காகக் குடிமக்கள் மேல் புது வரி போடவில்லை.

நர்மதைக் கரையில் மகேஷ்வரைத் தலைநகராக வைத்துக்கொண்டார். அங்கே ஆற்றுக்கு இறங்கும் அகலமான கல் படித்துறைகள் இன்றும் நிற்கின்றன. மாளவம் கரும்பாறை நிலம். மழைக்காலத்தில் ஓடும் ஓடைகள் கோடையில் காய்ந்துவிடும். கிணறு வெட்டுவது என்றால் பாறையை உடைப்பது என்று அர்த்தம். சாதாரண குடியானவனால் அது முடியாது. அதனால் யாத்திரை போகும் பாதைகளிலும் ஊர்களிலும் கிணறும் குளமும் வெட்டவைத்தார். காசி, கயை, சோமநாதம், துவாரகை என்று அவர் பணி தொடாத திருத்தலம் குறைவு. தெற்கே நம் திருத்தலங்களுக்கும் கங்கைத் தீர்த்தம் அனுப்பிவைத்தார்.

சின்ன விஷயங்களைப் பாருங்கள், அங்கேதான் அவர் மனசு தெரியும். கோடையில் சாலையோரம் ஆள் வைத்து வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மகேஷ்வர் பக்கத்தில் உழுதுகொண்டிருக்கும் மாடுகளை நிறுத்தி, அவற்றுக்குத் தண்ணீர் காட்டவும் ஆள் வைத்திருந்தார். விளைந்த வயல்களை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்கு விட்டுவிட்டார். குடியானவன் தன் பயிரைக் காக்கப் பறவையை விரட்டுவது நியாயம்தான், ஆனால் பறவையும் சாப்பிட வேண்டுமே! இதையெல்லாம் அவர் காலத்துக்குப் பின் அந்த ஊர்களில் விசாரித்து எழுதிவைத்தவர், அங்கே பிரிட்டிஷ் அதிகாரியாக வந்த ஜான் மால்கம்.

அவர் எழுதியதில் இன்னொரு சம்பவம் நம் எல்லோருக்கும் பாடம். கார்கோன் ஊரில் பெரிய லேவாதேவிக்காரச் சகோதரர்கள் இருவர் வாரிசு இல்லாமல் இறந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட சொத்தை அரசு எடுத்துக்கொள்ளும். விதவைகள் இருவரும் சொத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்கள். அவர் வாங்கவில்லை. இறந்தவர்கள் பெயர் நிலைக்க, ஊருக்குப் பயன்படுகிற ஏதாவது ஒன்றைக் கட்டுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். குண்டா ஆற்றங்கரையில் ஒரு படித்துறையும் பிள்ளையார் கோயிலும் எழுந்தன. கருவூலத்துக்கு வர இருந்த காசு, ஊர் குளிக்கும் துறையாக மாறியது. தான் கொடுத்தது மட்டுமில்லை, மற்றவர்களையும் கொடுக்கவைத்தார்.

அவர் வாழ்க்கையில் சுகம் இருந்ததா? இல்லை. பேரனும் மருமகனும் இறந்தார்கள். மகள் முக்தாபாய் கணவனோடு தீயில் இறங்கினாள். தாய் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. தன்னை ஒரு மாமனார் காப்பாற்றினார், தன் மகளை அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தோடும் மக்களின் வழக்குகளைக் கேட்டார். 1795 ஆகஸ்டு 13-இல் மறைந்தார்.

இவ்வளவு பணத்தையும் படைக்குச் செலவழித்திருக்கலாமே என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. அவர் இருந்தவரை மாளவம் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அவர் போன சில ஆண்டுகளில், 1801-இல், இந்தூர் சூறையாடப்பட்டது. குவித்துவைத்த செல்வத்தைப் படை அள்ளிக்கொண்டு போகலாம். பாறையில் வெட்டிய கிணற்றை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

இளைஞர்களே, நமக்கு நாடும் இல்லை, கருவூலமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் ஒரு நன்கொடைப் பெட்டி இருக்கிறது, ஒரு பொருளாளர் இருக்கிறார். தண்ணீர்ப் பந்தலுக்கென்று வசூலித்த வெள்ளியில் மீதமானது செயலவையின் சாப்பாட்டுச் செலவுக்குப் போகக்கூடாது. பொதுப்பணம் வேறு, நம்ம பணம் வேறு. ரசீது எழுதும்போதே அது தாரை வார்த்த பணம் என்று மனசில் நினைத்துக்கொண்டால் போதும். கணக்கு தானாகவே நேராகிவிடும்.

அடுத்த தைப்பூசத்தில் குவளையை நீட்டும்போது, குழாயை ஒழுங்காக மூடவும் மறக்காதீர்கள். உழவு மாட்டுக்குக் கூடத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த ஒருவரின் வழியில் வந்தவர்கள் நாம்.