நீரைத் தராசாக்கிய மேதை

இரும்பு ஆணி நீரில் மூழ்குகிறது; இரும்புக் கப்பலோ கடலில் மிதக்கிறது. எண்ணெய் நீரின்மேல் நிற்கிறது. தேன் அடியில் தங்குகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான விதியை இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னவர் ஆர்க்கிமிடீஸ்.

சிசிலித் தீவின் சிராகூஸ் நகரில் கி.மு. 287-ஆம் ஆண்டளவில் இவர் பிறந்தார். தந்தை பிடியாஸ் ஒரு வானியல் அறிஞர். சிராகூஸை ஆண்ட இரண்டாம் ஹீரோ மன்னர், தாம் செய்வித்த பொன்முடியில் வெள்ளி கலந்திருக்குமோ என்று ஐயுற்றாராம். முடியைச் சிதைக்காமல் உண்மையைக் காண வேண்டும். குளியல் தொட்டியில் நீர் வழிந்ததைக் கண்டதும் விடை தோன்ற, ஆர்க்கிமிடீஸ் ஆடையையும் மறந்து தெருவில் ஓடினார் என்பது நாம் பள்ளியில் படித்த கதை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விட்ருவியஸ் என்னும் ரோமானியர் எழுதி வைத்தது அது.

கதை எவ்வாறாயினும் கணக்கு மெய்யே. ஒரு கிலோ தங்கம் 52 கன செ.மீ. நீரை வெளியேற்றும், ஒரு கிலோ வெள்ளி 95 கன செ.மீ. நீரை வெளியேற்றும். கலப்படம் மறைய வழியில்லை.

மிதக்கும் பொருள்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் பொன்முடி இல்லை, விதி இருக்கிறது. நீரில் அமிழ்ந்த பொருள், தான் வெளியேற்றிய நீரின் எடையளவு தன் எடையில் குறைகிறது. தன் பருமனளவு நீரைவிடக் கனமானது மூழ்கும், இலேசானது மிதக்கும். கப்பலின் உட்புறம் வெறுமையாக இருப்பதால், அது தன் எடைக்கு ஈடான நீரை ஒதுக்கி மிதக்கிறது.

கி.மு. 212-இல் ரோமானியப் படை சிராகூஸைக் கைப்பற்றியது. தளபதி மார்செல்லஸ் அவரைக் கொல்லலாகாதென ஆணையிட்டிருந்தும், ஒரு படைவீரனின் வாளுக்கு அவர் இரையானார் என்பர். அவர் மாண்டார், விதி மாளவில்லை.

அவ்விதியை நான் முதலில் கண்டது ஆய்வுக்கூடத்தில் அன்று, எங்கள் வீட்டுத் திண்ணையில். விதைநெல் தேர்ந்தெடுக்கும் நாளில் என் தந்தையார் நீரில் ஒரு முட்டையை இட்டு, அது மிதந்து காசளவு மேலே தெரியும்வரை உப்பைக் கரைப்பார். அடர்த்தி மிகுந்த அந்நீரில், நல்ல நீரில் மூழ்கிவிடும் அரைமணிகளும் மிதந்துவிடும். முற்றிய மணிகள் மட்டுமே அடியில் தங்கும்.

சென்ற ஆண்டு அவர் என்னிடம், முட்டை ஏன் மிதக்கிறது என்று கேட்டார். தேர்வில் பிழையின்றி எழுதிய விதியை, பள்ளி சென்றறியாத அவருக்கு விளங்கச் சொல்ல ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அன்றுதான் அவ்விதி எனக்கும் விளங்கியது.

நண்பர்களே, கற்றதை வீட்டாருக்கும் விளங்கச் சொல்வோம்; அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றி!