கயிற்றின் மறுமுனை

மாட்டுங்காவிலிருந்து கல்யாண் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டி தாணேவைக் கடந்ததும் மும்ப்ராவின் கரும்பாறைக் குன்றுகள் கண்ணில் படும். விடுமுறை நாள்களில் இளைஞர் சிலர் இடுப்பில் கயிறு கட்டி அப்பாறைகளில் ஏறிப் பழகுவதுண்டு. ஒருவர் ஏறுவார், மற்றொருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நிற்பார். ஏறுபவரின் கால் வழுக்கினால் அவருடைய உயிர் பிடித்திருப்பவரின் கையில் இருக்கிறது. இத்தகைய பயிற்சியை ஒரு பாடமாகவே வகுத்துக் கற்பிக்க இந்தியாவில் முதலில் தோன்றிய நிறுவனம் டார்ஜீலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம். அங்கே 22 ஆண்டுகள் களப்பயிற்சியை நடத்தியவர் டென்சிங் நோர்கே. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறியவர் என்று உலகம் அவரை அறியும். ஆசிரியர் என்று அறிந்தோர் குறைவு.

டென்சிங் 1914ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பதின்மூன்று குழந்தைகளுள் பதினோராமவராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. மடத்துத் துறவி ஒருவரின் அறிவுரைப்படி அது டென்சிங் நோர்கே என மாற்றப்பட்டது. நேபாளத்தின் கும்பு பகுதியில் உள்ள தாமே என்னும் ஊரில் யாக் என்னும் சடைமாடுகளை மேய்த்து வளர்ந்தார். அவ்வூரார் சோமோலுங்மா என்று அழைத்த பெருமலையே எவரெஸ்ட். மகனைத் துறவியாக்கக் கருதிய பெற்றோர் அவரை ஒரு மடத்திற்கு அனுப்பினர். அங்கே ஒருவர் மரப்பலகையால் தலையில் அடித்தார். சிறுவன் வீட்டுக்கு ஓடிவந்தான். பெற்றோரும் திருப்பி அனுப்பவில்லை. டென்சிங் பெற்ற பள்ளிக்கல்வி அவ்வளவே.

1932ஆம் ஆண்டு, பதினெட்டு வயதளவில், பிழைப்புத் தேடி டார்ஜீலிங் வந்தார். எவரெஸ்ட் நோக்கிச் செல்லும் குழுக்கள் சுமைதூக்கிகளை அந்நகரில்தான் தேர்ந்தெடுத்தன. முதலில் அருகிலிருந்த ஆலுபாரி என்னும் சிற்றூரில் மாடு மேய்த்தார். பாலை நகருக்குக் கொண்டுவந்து விற்றார். நகரத்து மக்களின் மொழியான நேபாளியைக் கற்றார். நீண்ட சடையை வெட்டிக்கொண்டு நகரத்தாரைப் போல உடுத்தினார். 1933ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவுக்கு ஆள் எடுத்தபோது அந்த உடையே அவருக்குத் தடையாயிற்று. ஷெர்ப்பா இனத்தவர் மட்டுமே தேவை எனக் கேட்டவர்கள், அவர் தோற்றத்தைக் கண்டு ஷெர்ப்பா அல்லர் என்று ஒதுக்கிவிட்டனர். ஊரோடு ஒத்துப்போக முயன்றவருக்கு நேர்ந்த விந்தையான இழப்பு இது! அடுத்த ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்த ஒரு பள்ளியின் வழிபாட்டுக் கூடத்தைச் செப்பனிடும் பணியில் கூலியாளாக உழைத்தார்.

1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் என்னும் ஆங்கிலேயர் தம் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். முன்அனுபவச் சான்று எதுவும் அவரிடம் இல்லை; முகத்தில் தவழ்ந்த புன்னகையே ஷிப்டனைக் கவர்ந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அணா கூலி. பனிக்கோட்டிற்கு மேலே சுமை தூக்கினால் ஒரு ரூபாய். தொடர்ந்து 1936, 1938 ஆகிய ஆண்டுகளிலும் எவரெஸ்ட் சென்றார். மிக உயரமான முகாம்வரை சுமை கொண்டுசென்ற ஷெர்ப்பாக்களுக்கு இமயமலைச் சங்கம் ‘புலி’ என்னும் விருதை அளித்தது. அவ்விருதை டென்சிங் பெற்றார். அச்சங்கத்தின் தலைமையகம் இப்போது மும்பையில் உள்ளது.

பின்னாளில் அவர் ஆசிரியரானதற்கு வேர் இன்னோர் இடத்தில் இருக்கிறது. டேராடூன் நகரின் டூன் பள்ளியில் ஜாக் கிப்சன் போன்ற ஆசிரியர்கள் மாணவர்களை இமயமலைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் கொண்டிருந்தனர். வகுப்பறையில் கிடைக்காத துணிவையும் பொறுப்பையும் மலைவழி கற்றுத்தரும் என்பது அவர்கள் கருத்து. இதே எண்ணம் உலகின் வேறு பகுதிகளிலும் அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1941ஆம் ஆண்டு குர்ட் ஹான் என்னும் கல்வியாளர் வேல்ஸ் நாட்டின் அபர்டவி கடற்கரையில் இளம் மாலுமிகளுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். கடலை வெல்வது அப்பள்ளியின் நோக்கமன்று; கடலின்வழியே மனிதரை உருவாக்குவதே நோக்கம். 1946ஆம் ஆண்டு கிப்சன் பந்தர்பூஞ்ச் மலையில் ஏற முயன்றபோது டென்சிங் உடன் சென்றார். டூன் பள்ளியின் பழைய மாணவரான நரேந்திரதர் ஜயாலும் அக்குழுவில் இருந்தார். சிகரம் எட்டவில்லை. 1950இல் கிப்சனின் குழுவினர் மீண்டும் சென்றபோது டென்சிங் அதன் உச்சியை அடைந்தார்.

எவரெஸ்ட் வெற்றி அவருடைய ஏழாவது முயற்சியில் கிட்டியது. 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழுவினர் அவரைச் சுமைதூக்கியாக மட்டும் நடத்தாமல் ஏறுவோருள் ஒருவராகவே சேர்த்துக்கொண்டனர். ரேமண்ட் லாம்பெர்ட் என்னும் தோழருடன் 8,500 மீட்டருக்கும் மேலே சென்று திரும்பினார். மறு ஆண்டு ஆங்கிலேயர் குழுவில் எட்மண்ட் ஹில்லரியுடன் பனியருவிப் பகுதியில் இறங்கும்போது ஹில்லரி பனிப்பிளவுக்குள் விழுந்தார். டென்சிங் நொடியும் தாமதியாமல் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றி இறுக்கினார். ஹில்லரி பிழைத்தார். அந்த நொடிக்குப் பின்னால் பதினெட்டு ஆண்டுப் பழக்கம் இருந்தது.

1953 மே 29 காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியை அடைந்தனர். அங்கே இருந்தது ஏறத்தாழப் பதினைந்து நிமிடமே. டென்சிங் கொஞ்சம் இனிப்பைப் பனியில் படைத்தார். மகள் நீமா கொடுத்தனுப்பிய சிவப்பும் நீலமுமான பென்சில் துண்டு ஒன்றையும் அங்கே புதைத்தார். அவர் பல மொழிகள் பேசுவார். எதிலும் எழுதப் படிக்கத் தெரியாது. தம் பெயரைக் கையொப்பமிட மட்டும் கற்றிருந்தார்.

கீழே இறங்கியபோது புகழோடு பூசலும் காத்திருந்தது. நேபாளம் அவரைத் தம்மவர் என்றது. இந்தியாவும் அவ்வாறே உரிமை கொண்டாடியது. முதலில் உச்சியில் கால் வைத்தவர் யார் என்று ஊர்தோறும் கேட்டனர். பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் ஒன்று என்று அமைந்தவருக்கு இவ்வகைக் கேள்விகள் எத்துணைத் துன்பம் தரும் என்பது கேட்டவர்க்குப் புரியவில்லை. நேபாளமும் இந்தியாவும் இரண்டுமே தம்முடையவை என்றார் டென்சிங். ஒரே கயிற்றில் கட்டுண்ட இருவருள் முந்தியவர் பிந்தியவர் என்ற பேச்சே பொருந்தாது என்பது அவர் கருத்து. எனினும் ஹில்லரியே ஓரடி முன்னால் சென்றார் என்னும் உண்மையை 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் சொன்னார். அந்நூலை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஜேம்ஸ் ராம்சே உல்மன்.

பிரதமர் ஜவகர்லால் நேரு அவரிடம் பேரன்பு கொண்டார். இலண்டன் செல்ல நல்ல உடையில்லாத டென்சிங்கிற்குத் தம் உடைகளையே கொடுத்தார். அளவும் சரியாக இருந்தது. நேருவும் வங்காள முதல்வர் பி. சி. ராயும் முயன்று 1954 நவம்பர் 4 அன்று டார்ஜீலிங்கில் பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினர். ஜயால் அதன் முதல் முதல்வர். டென்சிங் களப்பயிற்சி இயக்குநர். நிறுவனம் முதலில் இயங்கிய கட்டடம் ராய் வில்லா. பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதை 1911இல் உயிர்நீத்த இல்லமும் அதுவே.

தொடக்கத்திற்குமுன் டென்சிங் செய்த ஒரு செயல் எவரெஸ்ட் ஏற்றத்திற்குக் குறைந்ததன்று. உலகின் உச்சியைத் தொட்ட நாற்பது வயது மனிதர், சுவிட்சர்லாந்தின் ரோசன்லாவி மலையேற்றப் பள்ளிக்குச் சென்று ஆர்னால்டு கிளாட்ஹார்டு என்பவரிடம் மாணவராக அமர்ந்தார். ஜயாலும் ஷெர்ப்பாக்கள் சிலரும் உடன் பயின்றனர். ஏறத் தெரிவது வேறு. கற்பிக்கத் தெரிவது வேறு. அவருடைய கைகளுக்குத் தெரிந்திருந்த முடிச்சுகளையும் கால்களுக்குத் தெரிந்திருந்த நடையையும், மலையே காணாத ஒருவருக்குப் படிப்படியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வரிசைமுறையைத்தான் அங்கே கற்றார்.

டார்ஜீலிங்கில் அவரிடம் பயின்றவர்களுள் படைவீரரும் கல்லூரி மாணவரும் இருந்தனர். பெரும்பாலோர் அவரைவிடப் பன்மடங்கு படித்தவர்கள். முதலில் கயிற்றில் முடிச்சிடுதலும் பாறையேற்றமும். பின்னர்த் தத்தம் சுமையைத் தாமே சுமந்து சிக்கிம் மலைப்பகுதிக்கு நடை. அங்கே பனியாற்றின்மீது, அடியில் இரும்பு முட்கள் பொருத்திய காலணியணிந்து நடக்கும் பயிற்சி. தம் சுமையைப் பிறர் சுமக்க நடப்பவர் மலையை முழுவதும் அறியமாட்டார். பல்லாண்டு பிறர் சுமையைச் சுமந்த ஷெர்ப்பாக்கள் இப்போது ஆசிரியர்களாக நின்று, படித்த இளைஞர்களின் தோளில் சுமையை ஏற்றினர்.

மலை தன் விலையையும் கேட்டது. 1958இல் சோ ஓயூ மலைப்பயணத்தில் ஜயால் உயிரிழந்தார். நிறுவனம் தளரவில்லை. டென்சிங்கின் மருமகனும் அங்கே பயிற்றுநருமான நவாங் கொம்பு 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட்டை இருமுறை எட்டிய முதல் மனிதரானார். 1965இல் அவர் சென்ற இந்தியக் குழுவில் மட்டும் ஒன்பது பேர் உச்சியை அடைந்தனர்.

டென்சிங் 1976இல் ஓய்வு பெற்றார். 1986 மே 9 அன்று டார்ஜீலிங்கில் மறைந்தார். அப்போது நியூசிலாந்தின் தூதராக தில்லியிலிருந்த ஹில்லரி இறுதிச் சடங்கிற்கு வந்தார். நிறுவன வளாகத்திலேயே அவருடைய நினைவிடம் அமைந்துள்ளது. டார்ஜீலிங்கிலிருந்து லேபோங் செல்லும் சாலையோரத்தில் ஒரு பெரும்பாறை நிற்கிறது. அதன் பெயர் டென்சிங் பாறை. எதிரே நிற்பது கொம்பு பாறை. பயிற்சி மாணவர்கள் அங்கே கயிறு கட்டி ஏறிப் பழகுகின்றனர். சிறு கட்டணம் செலுத்தினால் சுற்றுலா வந்தவரும் ஏறிப் பார்க்கலாம்; மேலே நிற்பவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்.