சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர்

திருவாலங்காட்டுத் தோழர்களுக்குப் பழையனூர் நீலி கதையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பேயை மனைவி என்று நம்பி, வணிகனை அவளோடு போகச் சொன்னார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவன் மாண்டான். பிணை நின்ற எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். அப்பீல் இல்லாத தீர்ப்பு அது! கோர்ட்டுக்கு மேல் ஒரு கோர்ட்டு எதற்கு என்போருக்கு இந்தக் கதை போதும்.

சென்னை ஐகோர்ட்டு 1862 ஆகஸ்டு 15-ல் திறக்கப்பட்டது. பட்டணத்து வழக்குகளைக் கேட்டுவந்த சுப்ரீம் கோர்ட்டும், ஜில்லா அப்பீல்களைக் கேட்டுவந்த சதர் அதாலத்தும் அதில் ஒன்றாயின. பட்டணத்து வழக்கை நேரே விசாரிக்க ஒரு பிரிவு. வெளியூர் அப்பீலுக்கு மற்றொரு பிரிவு. ஒரு நீதிபதியின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் இருவர் கொண்ட பெஞ்சுக்குப் போகலாம். பெரிய சட்டச் சிக்கல் வந்தால் புல் பெஞ்சு கூடும். அதற்கும் மேலே, ஏழு கடல் தாண்டி லண்டனில் பிரிவி கவுன்சில்! ஏழை எங்கே போவான் லண்டனுக்கு?

அந்த ஐகோர்ட்டில் பதினைந்து ஆண்டுக் காலம் இந்தியர் ஒருவருக்கும் நாற்காலி இல்லை.

முத்துசாமி ஐயர் 1832-ல் தஞ்சைச் சீமையில் பிறந்தவர். வறுமை. சிறுவயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாள். மாதம் ஒரு ரூபாய் சம்பளம். தெருவிளக்கில் படித்தவர் என்பார்கள். எழுத்தைத் தொடவே தடை இருந்த சாதிகளுக்கு அந்த விளக்கும் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கவேண்டாம். முன்சீப், டிப்டி கலெக்டர் என்று படிப்படியாக ஏறினார். சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது, ஓர் ஏழையை அடித்ததாக ஐகோர்ட்டு வெள்ளை நீதிபதி மீதே புகார் வந்தது. சம்மன் அனுப்பினார். மூன்று ரூபாய் அபராதமும் போட்டார். தொகை சின்னதுதான், கூண்டில் நின்றவர் சின்னவரா?

1878-ல் அவரை ஐகோர்ட்டு நீதிபதியாக்கியதும் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் கொதித்தன. பதில் சொல்ல நம்மவர் கையில் ஏடு இல்லை. ஆறு இளைஞர்கள் கடன் வாங்கி, 80 பிரதிகளோடு 'இந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஒரு நாற்காலிக்காக ஒரு பத்திரிகையே பிறந்தது!

1893-ல் சில காலம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். 1895-ல் மறைந்தார். காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் அவர் சிலை ஐகோர்ட்டில் இருக்கிறது.

பிரிவி கவுன்சிலுக்குப் போகும் இந்திய அப்பீல் 1949-ல் ஒழிந்தது. இப்போது கடைசி அப்பீல் டில்லியில். தென்மாவட்டங்களுக்கு 2004-ல் மதுரைக் கிளை வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிலாளி தன் வேலை வழக்கில் வந்த தீர்ப்பை எதிர்த்து ரிட் போட, இன்றும் சென்னைக்கே ரயிலேறுகிறான். முதலில் ஒரு நீதிபதி, பிறகு இரு நீதிபதிகள், பிறகு டில்லி.

தற்காலிகமாக அன்று முத்துசாமி ஐயருக்குக் கொடுத்த அந்தத் தலைமை நாற்காலி, நிரந்தரமாக ஓர் இந்தியருக்கு வந்தது 1948-ல்தான். அவர் பெயர் ராஜமன்னார்.