விபுலாநந்த அடிகள் தேர்ந்த கல்வி

ஆண்டுதோறும் பள்ளியிறுதித் தேர்வின் முடிபு வெளிவரும் வேனிற்காலத்தே, கடலூரிலும் சிதம்பரத்திலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள இல்லங்கள் பலவற்றில் ஒரே வினா எழுகின்றது. மகன் எதனைப் பயில்வது? மகள் எப்பணிக்குச் செல்வது? தந்தையார் ஒன்று கூறுவர். தாய்மாமன் மற்றொன்று கூறுவர். அயலகத்தார் இரண்டையும் மறுத்து மூன்றாவதொன்றைக் கூறுவர். பொறியியல் பயின்றாற் பொருள் வரும் என்பர் சிலர். வணிகவியலே வயிற்றுக்கு வழி என்பர் வேறு சிலர். தமிழ் பயின்று ஆவது யாது என்று கேளாதவரோ மிக அரியர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த எம்மனோர் அனைவரும் அக்கேள்வியைக் கடந்தே இவ்வகுப்பின் வாயிலை மிதித்தோம்.

இவ்வினாவிற்குச் சொல்லளவில் விடை கூறுதல் எளிது. ஆயினும் அவ்விடை பெற்றோர் உள்ளத்து அச்சத்தை நீக்குவதில்லை. ஒருவர் வாழ்ந்து காட்டிய வாழ்க்கையே அதற்குத் தக்க விடையாகும். அறிவியலையும் தமிழையும் ஒருங்கு கற்று, தில்லையம்பதியை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகளின் வரலாறு அத்தகையது. அதனை எம் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

ஈழநாட்டின் கீழ்கரையில், மட்டக்களப்பிற்குத் தெற்கே, காரைதீவு என்னும் ஊர் உளது. அவ்வூரில் 1892-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாய்த் தோன்றினார் அடிகள். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. இளமையில் ஊரிலேயே தமிழ் கற்றவர், கல்முனையில் மெதடிஸ்த சபையார் நடத்திய பள்ளியிலும், மட்டக்களப்பில் யேசு சபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். 1908-ஆம் ஆண்டில், தம் பதினாறாம் அகவையில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வெற்றி எய்தினார். சைவக் குடியிற் பிறந்த ஓரிளைஞர்க்குக் கிறிஸ்தவக் கல்விச்சாலைகள் அறிவின் கதவைத் திறந்தன என்பதும், பின்னர் அவரே அத்தகைய சாலைகளில் ஆசிரியராய் அமர்ந்து அக்கடனைத் தீர்த்தார் என்பதும் மிஷன் கல்லூரி மாணாக்கராகிய யாம் மகிழ்ந்து நோக்கற்குரியன.

தேர்வில் வென்ற மயில்வாகனனார் உடனே உயர்தரக் கல்வியை நாடிச் சென்றாரல்லர். தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். பின்னர்க் கொழும்பு சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார், மீண்டும் கற்பித்தார். அதன்மேல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து அறிவியல் பயின்று 1916-ஆம் ஆண்டில் டிப்ளோமாப் பட்டயம் பெற்றார். அதே 1916-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் நடத்திய பண்டிதர் தேர்விலும் தேறினார். ஈழத்திலிருந்து அத்தேர்விற் றேறிய முதல்வர் இவரே என்பர். ஓராண்டில் இருவேறு கல்விக்கு இரண்டு சான்றிதழ்! ஒன்று வேதிப்பொருளின் இயல்பை ஆராய்ந்தமைக்கு. மற்றொன்று தொல்காப்பியமும் சங்கநூலும் துருவிக் கற்றமைக்கு. இவ்விரண்டும் ஒருவர் நெஞ்சில் ஒருங்கு நில்லா என்று எண்ணுவோர் இவ்வாண்டினை நினைவிற் கொள்க.

1917-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். பகலிற் கற்பித்துக்கொண்டே தாமாகப் பயின்று, 1920-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்தை அடைந்தார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையும் அவரை வந்தடைந்தது. அகவையோ இருபத்தெட்டு. நல்ல பதவி, நல்ல ஊதியம், ஊரார் மதிப்பு ஆகிய மூன்றும் கைவந்த நிலை அது. நம் பெற்றோர் நமக்கு வேண்டி நிற்பதும் அந்நிலையே அன்றோ?

ஆயினும் அவருள்ளம் அதனோடு அமையவில்லை. 1922-ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் அங்கே பயிற்சி பெற்று, 1924-ஆம் ஆண்டில் சுவாமி சிவாநந்தரிடம் துறவு ஏற்று விபுலாநந்தர் ஆயினார். துறவு பூண்டும் கல்விப்பணியைத் துறந்திலர். ஈழம் மீண்டு, மிஷனின் பள்ளிகளை மேற்பார்த்து, 1929-ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

இனி, சிதம்பரத்திற்கு அவர் வந்த வரலாறு கூறுவாம். செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் துணைவேந்தராய் இருந்தவர் சாமுவேல் எபினேசர் அரங்கநாதன் என்னும் கிறிஸ்தவப் பெருந்தகை. அவர் காலத்தில், 1931-ஆம் ஆண்டில், விபுலாநந்த அடிகள் அங்கே தமிழ்ப் பேராசிரியராயினார். இலண்டனில் அறிவியற் பட்டம் பெற்ற ஒருவர், ஈழத்துத் துறவி ஒருவர், தென்னார்க்காட்டு மண்ணில் தமிழ்ப் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தமை அந்நாளில் புதுமையாகவே தோன்றியிருத்தல் வேண்டும். 1933 வரை அப்பணியில் இருந்தார். வகுப்பு முடிந்த மாலை வேளைகளில், அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த தெருவிற்குச் சென்று எழுத்தறிவித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். கற்ற கல்வி எவர்க்குப் பயன்படல் வேண்டும் என்பதில் அவர்க்கு ஐயமிருந்ததில்லை.

பின்னர்ச் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் தலைநின்று உழைத்தார். இமயமலையின்கண் உள்ள மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1943-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார்.

இவையனைத்தினும் மேலாக அவர் பெயரை நிலைநிறுத்தியது யாழ்நூல். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பன்னூறாண்டுகள் ஆயின. நம் கடலூர் மாவட்டத்து எருக்கத்தம்புலியூரில் தோன்றித் திருஞானசம்பந்தரோடு ஊர்தோறும் சென்று யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் பெயர் நமக்குத் தெரியும். அவர் கையிலிருந்த கருவியின் இயல்போ நமக்குத் தெரியாதாயிற்று. இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் எனப் பெயரும் எண்ணும் மட்டும் உரைகளில் எஞ்சியிருந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழைப் பற்றி வரும் சில அடிகளின் பொருளை ஆராயப் புகுந்த அடிகள், அவ்வாராய்ச்சியை ஒரு பெருநூலாகவே வளர்த்தார்.

இந்நூலை இயற்றுதற்குத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. நரம்பின் நீளம் பாதியானால் ஓசை ஒரு தானம் உயரும் என்பதும், மூன்றுக்கு இரண்டு என்னும் அளவில் குரலுக்கு இளி பிறக்கும் என்பதும் ஒலிநூலும் கணிதமும் கற்றார்க்கே விளங்குவன. குரல் முதல் தாரம் ஈறாகிய ஏழிசைக்கும் முன்னோர் வகுத்த நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என்னும் அலகுகள் இருபத்திரண்டாதலைக் கணக்கிட்டு ஒத்துநோக்கல் வேண்டும். அறிவியல் மட்டும் கற்றவர்க்கோ பழைய உரையின் ஒரு வரியும் பொருள்படாது. ஆகவே 1916-ஆம் ஆண்டிற் பெற்ற இரண்டு சான்றிதழும் இந்நூலில் வந்து கைகோத்தன என்னலாம். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்ட அந்நூல் 1947-ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடிகளின் கணக்கின்வழிச் செய்யப்பட்ட யாழ்கள் அங்கே மீட்டவும் பெற்றன. அதன்பின் ஒன்றரைத் திங்கள் கழிவதற்குள், ஜூலை 19-ஆம் நாள், அடிகள் தம் ஐம்பத்தைந்தாம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். அவர் துறவி, பொருள் வேண்டாதவர், எம்முட் பலர்க்கோ தந்தையார் பட்ட கடனும் தங்கையின் கல்வியும் முன்னிற்கின்றன, அவர் வழி எமக்கு எங்ஙனம் பொருந்தும் என்பதே அத்தடை. இது புறந்தள்ளத்தக்க தடையன்று. ஆயின் அவர் வரலாற்றை ஆண்டு முறையே நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். முப்பதாம் அகவை வரை அவரும் உழைத்து ஊதியம் பெற்ற ஆசிரியரே. முதலில் ஒரு தொழிலைக் கைக்கொண்டார்; அத்தொழிலிலிருந்தே பயிற்சியும் பட்டயமும் பட்டமும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தேடிக்கொண்டார்; பசிக்குரிய கல்வியைப் பழித்தாருமல்லர், நெஞ்சிற்குரிய கல்வியைக் கைவிட்டாருமல்லர். தமிழ்ப் பேராசிரியர் இருக்கை அவரை அடைந்தபோது அவர்க்கு அகவை முப்பத்தொன்பது. பதினேழாம் அகவையில் நிரப்பும் விண்ணப்பத் தாள் ஒன்றே வாழ்நாள் முழுமைக்கும் விதி எழுதிவிடும் என்று நடுங்குதல் வேண்டா என்பதை இவ்வாண்டுக் கணக்கே காட்டுகின்றது.

ஆதலின், தமிழ் விரும்பும் மகனை வைகின்ற பெற்றோர்க்கு யாம் பணிந்து கூறுவது இது: அவனைத் தடுத்தல் வேண்டா, தமிழோடு கைத்தொழிலோ கணிதமோ கணிப்பொறியோ மற்றொன்றும் கற்க எனப் பணியுங்கள். பொறியியலும் மருத்துவமும் பயிலச் செல்லும் தோழர்க்கு யாம் கூறுவதும் ஒன்று உண்டு: தமிழை வாயிலிலேயே விட்டுச் செல்லாதீர், நும் கணக்கினை எதிர்நோக்கி இன்னும் விளங்காத பழந்தமிழ் வரிகள் பல காத்திருக்கின்றன. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய எமக்கு யாமே கூறிக்கொள்வதோ, நூலகத்தில் அறிவியல் நூல்கள் உள்ள பக்கத்திற்கும் நாடோறும் சிறிது நடந்து செல்க என்பது. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணமே. அண்ணாமலை நகர்க்குச் செல்வோர், இருகல்வியும் ஒருங்கு கற்ற பேராசிரியர் ஒருவர் இவ்வழி நடந்தார் என்று எண்ணிச் செல்வாராக.