அதோல்ப் சாக்ஸ்

வாத்தியங்களுட் பல இன்னாரால் இயற்றப்பட்டன என்று அறியவொண்ணாத தொன்மையுடையன. சாக்ஸபோனோ ஒருவர் கையிற் பிறந்து, அவர் பெயரையே தாங்கி நிற்பது. அன்னாரது வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இக்காலத்துப் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த டினான் நகரில் 1814ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் அதோல்ப் சாக்ஸ் பிறந்தார். தந்தையார் வாத்தியம் செய்வதில் வல்லவர். மகனார் இளமையில் மாடியினின்று விழுந்தும், ஊசியை விழுங்கியும், பன்முறை சாவின் வாயினின்று மீண்டாரெனக் கூறுவர். பிழைத்த பிள்ளை தந்தையாரிடம் தொழில் பயின்று, 1842இல் பாரிஸ் நகர் புகுந்தார்.

அந்நாளில் இராணுவ வாத்தியக் குழுக்களிலே மரக்குழல்களின் மெல்லொலி பித்தளைக் கொம்புகளின் முழக்கத்தில் அமிழ்ந்துபோயிற்று. இவ்விரண்டையும் இணைக்கக் கருதிய சாக்ஸ், மேலே குறுகி வரவர அகலும் பித்தளைக் குழலொன்றில் கிளாரினெட்டுக்குரிய ஒற்றைச் சீவாளியைப் பொருத்தினார். 1846இல் அதற்கு அரசாங்க உரிமை பெற்றார். அவர் செய்தது ஒரு கருவியன்று. சிறிதும் பெரிதுமாய் ஒரு குடும்பம். அவற்றுள் நான்கே இன்று பெரிதும் வழங்குவன. சொப்ரானோ பெரும்பாலும் நேர்குழல். குரல் மிக உயர்ந்தது. கழுத்து வளைந்த ஆல்ட்டோ கைக்கடக்கமானது. தொடங்குவோர் பெரும்பாலும் எடுப்பது அதனையே. டெனர் அதனினும் பெரிது, குரல் தாழ்ந்தது. பாரிட்டோன் இன்னும் பருத்தது. ஆயினும் விரல் வைக்கும் முறை எல்லாவற்றிற்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றைக் கற்றவன் மற்றொன்றை எடுக்குங்கால் மூச்சையும் உதட்டையும் பழக்கினாற் போதும். நம் கருத்தில் இதுவே சாக்ஸின் பெருந்திறம்.

இனி, அதனைப் பிடிக்கும் முறை. பித்தளையின் பாரத்தைக் கழுத்துவாரே தாங்கவேண்டும். வலக்கைப் பெருவிரல் கருவியை நிலைநிறுத்துவதேயன்றிச் சுமப்பதன்று. முதுகு நிமிர்ந்து, தோள் தளர்ந்து இருத்தல் வேண்டும். வாரின் நீளத்தைச் சரிசெய்து கருவியை வாய்க்குக் கொணர்வதே முறை. தலையைக் குனிந்து வாயைக் கருவிக்குக் கொண்டுபோதல் ஆகாது. குனிந்தால் தொண்டை சுருங்கும், மூச்சுக் குறையும், ஒலியும் மெலியும். நாகசுரக்காரர் நிமிர்ந்திருந்து வாசிப்பதைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

1857 முதல் பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் இராணுவ மாணவர்க்குச் சாக்ஸ் தாமே இதனைக் கற்பித்தார். ஆனால் பிறர்க்கு எளிமை செய்தவருக்குத் தம் வாழ்வு எளிதாயிருக்கவில்லை. போட்டித் தொழிலாளர் அவருடைய உரிமைகளை எதிர்த்து ஓயாது வழக்காடினர். 1852, 1873, 1877 ஆகிய மும்முறை அவர் கடனால் முறிந்தார். இடையே உதட்டிற் புற்றுநோய் கண்டது. குழலூதும் கருவி செய்தவர்க்கு இதனினுங் கொடியது யாதோ? அதனினின்றும் மீண்டார். 1870இல் மூண்ட போரோடு அவரது வகுப்பும் மூடப்பட்டது.

1894ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 7ஆம் நாள் சாக்ஸ் வறுமையில் உயிர்நீத்தார். பாரிஸ் கல்லூரி சாக்ஸபோன் வகுப்பை மீண்டும் திறந்தது 1942இலேதான்.